தாழொலிப் பெட்டியும் தாங்குமேடையும்

ஓசை செவிக்குரியது, ஊறு மெய்க்குரியது என்று நம் முன்னோர் புலன்களை வரையறுத்து வைத்தனர். இவ்விரண்டும் ஓரிடத்தே கலந்து வருமாயின், எதுகாறும் ஓசை, எங்கிருந்து ஊறு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இவ்வையம் எனக்கு எழுந்த இடம் கல்லூரி நூலகம் அன்று. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடியறையே அதற்குப் பிறப்பிடமாயிற்று.

கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தின் வடபால் உள்ளது. சென்னைப் புறநகர் வண்டிகள் பல நின்று திரும்பும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் மிகுதி. ஒருபுறம் இருப்புப்பாதை, மற்றொருபுறம் கல்கத்தா நெடுஞ்சாலை. இத்தகைய ஊரில் ஓசையைப் பற்றிக் குறைகூறுவாரும் உளரோ என நண்பர் நகைக்கலாம். உளர். இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்பிப் பகலில் உறங்குவோர் எங்கள் தெருவில் வீட்டுக்கொருவர் உளர். ஊர் விழித்திருக்கும் பொழுதே அவர்கட்கு இரவு.

சென்ற ஆண்டு என் தமையனார் ரிச்சி தெருவிலிருந்து ஒரு சப்வூஃபர் வாங்கிவந்தார். பதினெட்டுக் கிலோ எடையுள்ள மரப்பெட்டி. அதன் கூம்பு தரையை நோக்கியிருப்பது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அதனை இயக்கினோம். அரைமணி நேரத்திற்குள் கீழ்வீட்டுப் பெரியவர் மாடியேறி வந்தார். அவர் உருட்டாலையில் இரவுப் பணியாளர்; கண்கள் சிவந்திருந்தன. சினந்து பேசுவார் என எதிர்பார்த்தோம், அவரோ மெல்லக் கூறியது இது: “தம்பி, உங்கள் பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை. என் கட்டில்தான் பாடுகிறது.”

இவ்வொரு சொல்லை ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. இலக்கண வகுப்பு மாணவன் பௌதிகத்துள் நுழைதல் மிகை என்பார் பொறுத்தருள்க.

மாந்தர் செவிக்குப் புலனாகும் ஒலி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை என்பர். இதன் அடிப்பகுதியாகிய 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உள்ளதே சப்வூஃபரின் ஆட்சி. இப்பகுதியில் நம் செவி மிக மந்தமுடையது. 1,000 ஹெர்ட்ஸில் இரண்டு மூன்று டெசிபல் அளவிலேயே ஒலியை உணரும் செவி, 63 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 37 டெசிபலும், 31 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 60 டெசிபலும் வந்த பின்னரே விழித்துக்கொள்ளும். செவி உறங்கும் இவ்விடத்தில் முதுகெலும்பும் உள்ளங்காலும் விழித்திருக்கும். பெரியவருக்குப் பாட்டு கேளாமையும் கட்டில் அதிர்ந்தமையும் ஒன்றோடொன்று முரணல்ல என்பது இதனால் விளங்கும்.

அரசினர் விதியும் ஈண்டு நமக்குத் துணையாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. ஆனால் அவ்வளவு ‘ஏ’ நிறையிட்டு எடுக்கப்படுவது. அதாவது செவியின் மந்தத்தை அளவுகருவியே பின்பற்றி, 63 ஹெர்ட்ஸ் ஒலியை 26 டெசிபலும் 31 ஹெர்ட்ஸ் ஒலியை 39 டெசிபலும் குறைத்தே கணக்கிடும். ஆகவே கட்டில் அதிரும் வீட்டிலும் கருவி ‘குற்றமில்லை’ என்று கூறக்கூடும். இதனை அறிந்தபின் விதியைக் காட்டி வாதாட எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. பெட்டியின் அதிர்வு கீழ்வீட்டை அடைய இரு வழிகள் உள. ஒன்று காற்று, மற்றொன்று தரை. கூம்பு காற்றைத் தள்ளும்போது, நியூட்டன் கூறிய மூன்றாம் விதிப்படி, காந்தமும் பெட்டியும் எதிர்த்திசையில் தள்ளப்படும். எங்கள் பெட்டியை ஒத்த ஒன்றின் கூம்பு 120 கிராம் எடையுள்ளது என்று கொள்வோம். அது நடுநிலையிலிருந்து 5 மில்லிமீட்டர் மேலும் கீழுமாக நொடிக்கு 40 முறை ஆடுமாயின், எதிர்விசை ஏறத்தாழ நான்கு கிலோ எடைக்கு ஒப்பாகும். நான்கு கிலோ அரிசிப் பையின் எடையை நொடிக்கு நாற்பது முறை தரையின்மேல் ஏற்றி இறக்கினாற்போல என்க. காங்கிரீட் தளம் அதனை வாங்கிச் சுவருக்குக் கொடுக்கும். சுவர் கட்டிலுக்குக் கொடுக்கும்.

இவ்வழியை அடைப்பதற்கே மேல்நாட்டார் ஐசோலேஷன் ரைசர் என்னும் தாங்குமேடையைச் செய்தனர். அமெரிக்காவில் ஆராலெக்ஸ் நிறுவனத்தார் நுரைப்பஞ்சின்மேல் பலகை பொருத்திய மேடைகளை விற்பனை செய்கின்றனர். கருத்து புதியதன்று. கொல்லன் தன் பட்டடையை மரக்கட்டையின்மேல் நாட்டுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம். (பட்டடை என்னும் இச்சொல்லை வள்ளுவர் ‘கூடா நட்பு’ அதிகாரத்தில் ஆண்டிருத்தலைத் தமிழ் மாணவர் நினைவுகூர்வர்.) தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ்களின் அடியில் இன்று இடப்பெறும் ரப்பர்க் கட்டைகள் அம்மரக்கட்டையின் வழித்தோன்றல்களே.

இங்கேதான் யான் முதற்பிழை செய்தேன். பிரஸ்ஸுக்கு ஆகும் ரப்பர் பெட்டிக்கும் ஆகும் என்று கருதி, பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடையொன்றில், கனத்த இயந்திரங்களுக்குரிய நான்கு கட்டைகளை வாங்கிவந்து பெட்டியின் அடியில் வைத்தேன். மறுநாள் படிக்கட்டில் கண்ட பெரியவர், “இன்றைக்கு இன்னும் அதிகம், தம்பி” என்றார். அவர் மிகைப்படுத்திக் கூறுபவர் அல்லர். நாணத்தோடு புத்தகத்தை எடுத்தேன்.

காரணம் இது. எடையும் வில்லும் சேர்ந்த எவ்வமைப்பிற்கும் தனக்கென ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஊஞ்சலுக்கு உள்ளது போல. பொருளின் எடையால் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதைக் கண்டு, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அவ்வெண் ஒருவாறு கிடைக்கும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ்; 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். (அதிரும்போது ரப்பர் சற்று விறைப்பாதலின் உண்மை எண் இதனினும் சிறிது மிகும்.) வரும் அதிர்வு இவ்வியல்பெண்ணைப் போல் 1.4 மடங்கிற்கு மேற்பட்டால்தான் மேடை அதனைக் குறைக்கும். அதற்குக் கீழே குறையாது. இயல்பெண்ணை நெருங்க நெருங்கப் பெருகும்.

யான் வாங்கிய கட்டைகள் அரை டன் பாரத்திற்கு அமுங்குமாறு செய்யப்பட்டவை. பதினெட்டுக் கிலோவை அவை பொருட்படுத்தவேயில்லை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். கணக்கிட்டால் 50 ஹெர்ட்ஸ். திரைப்பாடல்களில் டிரம்மும் பேஸ் கிட்டாரும் வாழும் இடமன்றோ அது! அதிர்வை அடக்கும் கருவி என்று கருதி அதனை ஊட்டி வளர்க்கும் கருவியைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். மிக மெல்லிய பஞ்சாயினும் இடர் உண்டு: பழைய மெத்தைத் துண்டை வைத்துப் பார்த்தபோது அது முற்றும் நசுங்கித் தரையோடு தரையாயிற்று, நசுங்கிய பஞ்சு கல்லுக்கு நிகர். கூரிய இரும்பு முள்ளின்மேல் பெட்டியை நிறுத்துவாரும் உளர். முள் பெட்டியை அசையாது நிறுத்தும். அதிர்வைத் தரையினின்றும் பிரிக்காது.

இரண்டாம் முயற்சிக்கு வழிகாட்டியது மிருதங்கம். கச்சேரிக்கு முன் வித்துவான் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புதலை எல்லோரும் கண்டிருப்போம். தோலில் எடை கூடினால் அதிர்வெண் தாழும், ஒலி கம்பீரமாகும். வலந்தலையின் கரும்பூச்சு செய்யும் விந்தையை சி. வி. இராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டார். ரவை தோலுக்குச் செய்வதை என் பெட்டிக்கு ஏதேனும் செய்யலாகாதோ என்று எண்ணினேன். வீட்டுப் பின்புறத்தில் சமையல் மேடைக்கு வாங்கி மிகுந்த கடப்பைக்கல் பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது: நீளம் 60, அகலம் 45, கனம் 4 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 29 கிலோ. அதன்மேல் பெட்டியை ஏற்றினால் மொத்தம் 47 கிலோ. கல்லின் அடியில் நான்கு மூலைக்கும் மெல்லிய நுரைரப்பர்த் துண்டுகள். துண்டின் அளவைச் சிறிது சிறிதாக வெட்டிக் குறைத்து, அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டே, 4 மில்லிமீட்டர் அமுங்குமாறு செய்தேன். கணக்குப்படி 8 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் அதிர்வு அதனைப்போல் ஐந்து மடங்கு. எனவே தரைக்குச் செல்லும் விசை கணக்களவில் இருபத்துநான்கில் ஒரு பங்காகும். இருமடங்கிற்கு மேற்பட்ட எடையோடு பெட்டி பிணைந்தமையால் அதன் சொந்த ஆட்டமும் குறைந்தது.

சோதனை எளியது. எவர்சில்வர் தம்ளரில் விளிம்புவரை நீர் ஊற்றித் தரையில் வைத்து, மேல்விளக்கின் நிழலை நீரில் நோக்குக. முன்னர் ஒவ்வோர் அடிக்கும் நிழல் சிதறியது. பின்னர் ஒருசில சுரங்களுக்கே மெல்ல நடுங்கியது. பெரியவரிடம் யாம் ஒன்றும் கூறவில்லை. இரண்டு ஞாயிறு கழிந்தபின் அவரே, “பெட்டியை விற்றுவிட்டீர்களா?” என்று வினவினார்.

இவ்வளவும் கூறியபின் மறுதலையையும் கூறுதல் நேர்மை. தாங்குமேடை காற்றுவழியை அடையாது. எங்கள் சன்னற்கதவு அதன்பின்னும் கிலுகிலுத்தது. அதற்கு மடித்த காகிதமே மருந்தாயிற்று. பெட்டி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் மேடை இருந்தும் இல்லாததே. அதிர்வு சுவர்வழி செல்லும். நிலத்தின்மேலேயே இட்ட தளமுள்ள கீழ்வீடுகளில் பயன் மிகச் சிறிது. ஏனெனில் மண் அதிர்வை விழுங்கிவிடும். மாறாக, சென்னைப் பழைய வீடுகளில் தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ மாடிகளில் பயன் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. மரக்கட்டை வளையும் இயல்பினது.

மேலும், மேடை வைத்த முதல்நாள் என் தமையனார், “ஒலி குறைந்துவிட்டதே, காசு வீணா?” என்றார். அவர் இழந்தது ஒலியன்று, ஊறு. நாற்காலி வழியாகத் தொடைக்கு வந்த அதிர்வை இதுகாறும் பாட்டு என்று எண்ணியிருந்தார். இவ்வூற்றையே விலைக்கு விற்றாரும் உளர்: 1974-இல் ‘எர்த்குவேக்’ என்னும் ஹாலிவுட் படத்தைத் திரையிட்டபோது ‘சென்சரவுண்ட்’ என்னும் பெருந்தாழொலிப் பெட்டிகளை அரங்குகளில் வைத்தனர்; நிலநடுக்கத்தை மெய்யால் உணர்த்துதலே அதன் நோக்கம். விளம்பரத்தில், மேடை வைத்தால் ஒலி ‘தூய்மையாகும்’ என்று உரைப்பதில் பாதிக்கு மேல் இவ்வூறு நீங்கியதன் பயனே என்று கருதுகிறேன். மறைந்திருந்த மிருதங்கச் சொற்கள் சில தெளிவாகக் கேட்டன என்பதும் உண்மையே. அலமாரிக் கண்ணாடியும் எவர்சில்வர்ப் பாத்திரங்களும் உடன்பாடுதலை நிறுத்திவிட்டமையே அதற்குக் காரணம்.

ஒலியின் தரத்திற்கு மேடையினும் அறையே பெரிது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று மேல். நான்கு மீட்டர் நீளமுள்ள எங்கள் அறையில் ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்க்குச் சுவர் மோதி நிலைத்து நின்று, சுவரருகே பெருத்தும் நடுவே மெலிந்தும் ஒலிக்கும். பெட்டியைக் கேட்போர் இருக்கையில் வைத்துவிட்டு, அறை முழுதும் தவழ்ந்து சென்று, தாழொலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு அங்கே பெட்டியை நிறுத்துதல் ஒரு முறை. என் தமையனார் தவழ மறுத்தமையால் யானே தவழ்ந்தேன். மூலையினின்று மூன்றடி தள்ளி வைத்ததில் கிடைத்த நன்மை, செவியளவில், மேடை தந்ததைவிட மிகுதி. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையது என்று அளவு கூறப்படுகிறது. நீளத்தையும் அகலத்தையும் ஒன்றாக்காது விட்டது ஒலி நோக்கியதோ என்று ஒரு மாலைப்பொழுது முழுதும் எண்ணிக்கொண்டிருந்தேன். நீளமும் அகலமும் ஒத்த அறையில் நிலையலைகள் இரட்டித்து நிற்கும் என்பது மெய். எனினும் அதனை இளங்கோவடிகள் தலையில் ஏற்றத் துணியேன். எட்டுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாடும் சிறிது. அரங்கோ நாற்புறமும் சுவரடைத்த அறையும் அன்று.

கீழ்வீட்டுப் பெரியவர் இப்பொழுது எடுத்துக்கூறுவது எங்கள் தண்ணீர் மோட்டாரைப் பற்றி. மிகுந்திருந்த அந்நான்கு கனத்த கட்டைகளை அதன் அடியில் வைத்து ஏமாறும் அளவிற்கு இம்முறை பேதை அல்லேன். ஏற்ற ரப்பரே வைத்தேன். ஆயினும் மோட்டாரிலிருந்து செல்லும் இரும்புக் குழாய் சுவரில் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. அதிர்வு அவ்வழியே அவர் அறைக்குள் நடந்து செல்கிறது. குழாயின் இடையே ஒருமுழ ரப்பர் ஹோஸ் பொருத்தவேண்டும். பிளம்பர் வரும் வியாழக்கிழமை வருவதாகக் கூறியுள்ளார்.