இருவராக மலைவேட்டைக்குக் கிளம்பும் முன்

அமெரிக்காவின் கொலராடோ மலைக்காடுகளில் எல்க் மான் வேட்டைக்கு முதுகுப்பையோடு இருவராகக் கிளம்புகிறவர்கள், முதல் நாளே இருவர் சாமான்களையும் தரையில் பரப்பிப் பாருங்கள். கூடாரம், அடுப்பு, தண்ணீர் வடிகட்டி ஒவ்வொன்று போதும், பிரித்துச் சுமக்கலாம். முதலுதவிப் பொருள், தலைவிளக்கு, தீப்பெட்டி, வரைபடம் மட்டும் ஆளுக்கொன்று கட்டாயம். காட்டில் பிரிந்துவிட்டால் கூட்டாளி பையில் இருக்கும் விளக்கு உங்களுக்கு உதவாது.

வடிகட்டியை இரவில் வெளியே விடாதீர்கள். உள்ளே இருக்கும் நுண்குழாய்களில் தங்கிய ஈரம் உறைந்தால் அவை விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிருமி தாராளமாகக் கடந்து வரும். உறைபோட்டு, படுக்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை, அதே நிறங்களில் தொப்பி: இது அங்கே சட்டம்.

இறைச்சிக்குக் காற்றுப் புகும் துணிப்பைகள்தான் சரி; பிளாஸ்டிக் பை சூட்டை அடைத்துக் கெடுத்துவிடும். வளர்ந்த எல்க்கின் பின்தொடை ஒன்றே ஒருவருக்கு முழுச் சுமை. வண்டி நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று சுடுவதற்கு முன்பே கணக்கிடுங்கள். போகும் பாதையையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.