தொட்டிக்கு அடியில் தெர்மாகோல்

தென்காசிப் பக்கம் கண்ணாடித் தொட்டி வாங்குகிறவருக்குக் கடைக்காரர் ஒரு தெர்மாகோல் அட்டையையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். எதற்கு என்று கேட்டால், "வச்சுக்கோங்க அண்ணாச்சி, அதிர்ச்சி தாங்கும்" என்று பதில் வரும். செய்வது சரி, சொல்லும் காரணம்தான் தப்பு. ஓர் இடத்தில் வைத்து நீர் நிரப்பிய தொட்டிக்கு அதிர்ச்சி எங்கிருந்து வரப்போகிறது? காரணத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லது என்று தோன்றும். ஸ்பாஞ்ச், பழைய போர்வை, நாலாக மடித்த ஜமுக்காளம் என்று எதையாவது விரிப்பார்கள். தெர்மாகோல் செய்கிற வேலை வேறு. அது ஸ்டாண்டின் மேற்பரப்பிலுள்ள சின்னச் சின்னக் கரடுமுரடைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

கணக்குப் போட்டால் இது விளங்கும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி 255 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியையும் கல்லையும் சேர்த்தால் எடை 300 கிலோவைத் தாண்டிவிடும். பயமுறுத்தும் எண்தான், ஆனால் அடிப்பரப்பு முழுவதும் பரவும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிராம்கூட வராது. சாதாரண தெர்மாகோல் கண்ணுக்குத் தெரிகிற அளவு நசுங்க அதைப்போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். ஆகவே தொட்டி அதன்மேல் அமுங்காமல் நிற்கும். அதே அடிக்கண்ணாடிக்குக் கீழே ஒரு மணல் துகளோ வெல்டிங் பொட்டோ இருந்தால் கதை மாறுகிறது. சுற்றியுள்ள எடையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் வந்து உட்கார, கண்ணாடி அங்கே மேல்நோக்கி வளையப் பார்க்கும். அமுக்கினால் தாங்கும் கண்ணாடி, வளைத்து இழுத்தால் தாங்காது. அதன் பலத்தைக் குறைப்பவை மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களே என்று கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இலேயே விளக்கிவிட்டார். தெர்மாகோல் இருந்தால் துகள் அதற்குள் புதைந்துபோகும், கண்ணாடிக்குத் தொல்லையில்லை. பரவலான எடைக்கு விறைப்பு, புள்ளி எடைக்கு இளக்கம் என்ற இரண்டு குணமும் சேர்ந்திருப்பதால்தான் இது உதவுகிறது. ஸ்பாஞ்சிடம் முதல் குணம் இல்லை. கெட்டி ரப்பரிடம் இரண்டாவது போதாது. நெருக்கமான நுரையில் செய்த யோகா விரிப்பு ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும், விலைதான் கூடுதல்.

"எங்க வீட்ல பத்து வருஷமா ஒண்ணும் வைக்காமத்தான் இருக்கு" என்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை. நன்றாக மெருகிட்ட சமதளமான கிரானைட் மேல் துடைத்து வைத்த தொட்டிக்கு எதுவும் தேவைப்படாமல் போகலாம். உடைந்த தொட்டியிலிருந்து காரணத்தைத் தேடி எடுப்பதும் சுலபமல்ல. 2022 டிசம்பர் 16 அன்று பெர்லின் ஓட்டல் ஒன்றில் பத்து லட்சம் லிட்டர் நீரோடு வெடித்த அக்ரிலிக் தொட்டிக்கே நிபுணர்களால் இதுதான் காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகையால், 'தெர்மாகோல் இல்லையென்றால் உடையும்' என்று நான் சொல்ல மாட்டேன். சில பத்து ரூபாயில் ஓர் ஆபத்து விலகுகிறது, அவ்வளவுதான் வாதம். நம் ஊரில் அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதும் உண்மை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று காற்றாலைகளை மட்டுமா சுற்றுகிறது? ஜன்னல் திறந்த வீட்டில் காலையில் துடைத்த பலகையில் மாலைக்குள் நறநறவென்று மணல்.

ஆனால் குற்றாலச் சாரலுக்குத் தெர்மாகோலிடம் மருந்தில்லை. ஜூனில் தொடங்கும் சீசனில் காற்றிலேயே ஈரம் ஊறிக் கிடக்கும். ஐப்பசி மழை அதன் பின்னாலேயே வந்துவிடும். பார்ட்டிகிள் போர்டு ஈரம் குடித்து உப்பும், நடுவில் தொய்யும். மலிவான பிளைவுட் ஓரம் பிரியும். ஏப்ரலில் மட்டமாக இருந்த ஸ்டாண்ட் ஆகஸ்டில் மட்டமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சில மில்லிமீட்டர் தொய்வைத் தெர்மாகோல் நிரப்பாது, மறைக்கத்தான் செய்யும். தடிமனாக 25 மில்லிமீட்டர் போட்டால் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. விறைப்பான பொருள் எவ்வளவு தடித்தாலும் பள்ளத்தில் தானாக இறங்கி உட்காராது. அதனால் என் பணம் முதலில் பலகைக்குத்தான் போகும்: இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட், அதன்மேல் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 18 மில்லிமீட்டர், வெட்டிய ஓரங்களுக்கு பெயின்ட். கடப்பாக்கல்லும் நல்லதுதான், ஈரத்துக்கு அசையாது. முகம் சொரசொரப்பு என்பதால் அதன்மேல் தெர்மாகோல் கட்டாயம்.

வைக்கும் முன் கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். நேரான மட்டக்கட்டையைப் பலகைமேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் தொய்வு வெளிச்சக் கீற்றாகத் தெரிந்துவிடும். சாய்வு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே அட்டைத் துண்டு செருகுவது, நாம் தவிர்க்க நினைத்த புள்ளி எடையை நாமே உண்டாக்குவது. கால்வாசி நீர் நிரப்பி மறுபடி ரசமட்டம் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊற்றலாம்.

அடியில் பிளாஸ்டிக் சட்டம் போட்டு வரும் தொட்டிகளுக்குத் தெர்மாகோல் பொருந்தாது. அவற்றின் அடிக்கண்ணாடி ஸ்டாண்டைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்கும், எடையைச் சட்டம் சுமக்கும். அங்கே தெர்மாகோல் வைத்தால் சட்டம் அதில் அமிழ்ந்து, நடுப்பகுதி கண்ணாடியை மேலே தள்ளக்கூடும். வெறும் கண்ணாடி அடியுள்ள தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அட்டை போதும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம். நாலடித் தொட்டிக்கு ஒட்டுப்போட வேண்டியிருக்கும். இரண்டு துண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. எறும்பு குடைந்து கூடு கட்டும் என்ற புகார் நியாயமானது, அதனால் ஓரங்களை அவ்வப்போது பார்க்க வேண்டும். தொட்டியின் விளிம்புக்குச் சரியாக வெட்டிவிடுவதும் முக்கியம். வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தால் நீர் மாற்றும்போது வழிவது அதன்மேல் தேங்கி, உள்ளே கசிந்து, பலகையை நனைத்துவிடும்.