தாழி வனைந்தோர்

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் ஒரு நாட்டின் வாழ்வைத் தாங்கியோருட் பலர் பெயரின்றி மறைந்தனர். அவருள் ஒருசாரார் பொருநைக் கரையில் முதுமக்கள் தாழி வனைந்த குயவர். அவரைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தின்பாற்பட்டது. இங்குள்ள 114 ஏக்கர்ப் பரம்பு பண்டைய இடுகாடாகும். 1876 இல் பெர்லின் நகரத்து யாகர் என்பார் இதனை அகழ்ந்து, கண்ட பொருள்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்புப் படைக்கலங்களும் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. 2004 இல் தொடங்கிய அகழாய்வில் 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

அகழ்ந்தோர் பெயரை நூல்கள் கூறும். பொற்பட்டங்களைக் கண்ணாடிப் பேழை காக்கும். தாழியை வனைந்தவன் யாவன் என வினவுவார் அரியர்.

அவன் தொழில் எளியதன்று. ஓராள் அமரத்தக்க பெருங்கலத்தை வெடிப்பின்றி உலர்த்திச் சுடுதல் வேண்டும். உடன் வைக்கப்பெற்ற சிறு கலங்கள் உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் விளங்குகின்றன. கலத்தைக் கவிழ்த்துச் சுட, காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும். காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும் என்பர் அறிஞர். நெருப்பின் இயல்பை நன்குணர்ந்தார்க்கன்றி இது கைகூடாது.

நம் புலவர் இக்குயவரை மறந்திலர். புறநானூற்று 228 ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனின் பெருமைக்கேற்ற தாழி வனைதல் இயலுமோ எனக் குயவனை நோக்கி இரங்குகின்றார். 256 ஆம் பாட்டிலோ, கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகல வனையுமாறு வேண்டுகின்றாள். இருவரும் குயவனைக் 'கோ' என்றே விளித்தல் நோக்கத்தக்கது. வேந்தனுக்குரிய சொல் வேட்கோவிற்கும் உரித்தாயிற்று. பின்னைய பாட்டைப் பாடியவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. பெயரற்ற குயவனைப் பெயரற்ற புலவர் ஒருவர் நிலைநிறுத்தினார்.

ஆற்றின் வடபுறத்துச் சிவகளையில் தாழியொன்றினுட் கிடைத்த நெல் ஏறத்தாழ கி.மு. 1155 ஆம் ஆண்டினது என 2021 இல் அறிவிக்கப்பெற்றது. மூவாயிரம் ஆண்டு அந்நெல்லைக் காத்தது எது? பொன்னன்று, இரும்புமன்று, இவ்வாற்றங்கரை மண்ணும் அதனை வனைந்த கையுமே.

சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியில் இன்றும் குயவர் திகிரி சுழல்கின்றது. அருங்காட்சியகத்திற் பட்டத்தைக் கண்டு வியக்கும் நாம், அருகிலுள்ள உடைந்த ஓட்டையும் சற்றே நின்று நோக்குவோமாக. அதனை வனைந்தவர் வழியினர் நம்மிடையே வாழ்கின்றனர் என்பதை உணர்ந்து, அவர் தொழிலையும் மொழியையும் கேட்டறிந்து எழுதி வைத்தல், தமிழ் பயில்வார் கடமையாகும்.