கம்பெனியின் கணக்கு முறை மாறும்போது பங்குதார உழவர் கவனிக்க வேண்டியவை

உழவர்கள் பலர் இன்று உற்பத்தியாளர் கம்பெனிகளில் உறுப்பினராக உள்ளனர். தோட்டக் கம்பெனி, சர்க்கரை ஆலை ஆகியவற்றில் பங்கு வைத்திருப்போரும் உண்டு. ஆண்டறிக்கை வந்ததும் இலாபத் தொகையை மட்டும் பார்த்து மூடிவிடுவது வழக்கம். ஆனால் கணக்கு எழுதும் முறை மாறினாலே இலாபம் கூடியதாகத் தெரியக்கூடும். ஒரு லிட்டர் பால்கூட அதிகம் கறக்காமல் இது நிகழலாம்.

புதிய முறை யாருக்கு?

உலக நாடுகளின் முறையை ஒட்டி அமைந்த இந்தியக் கணக்கியல் தரநிலைகளை மத்திய அரசு 2015 பிப்ரவரியில் அறிவித்தது. நிகர மதிப்பு ரூ. 500 கோடியும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் 1-4-2016 முதல் இவற்றைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியதாயிற்று. பங்குச் சந்தையில் பதிவான மற்ற கம்பெனிகளுக்கும், பதிவாகாமல் ரூ. 250 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ளவற்றிற்கும் 1-4-2017 முதல் கட்டாயமாயிற்று. வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஏற்பாடு வேறு.

மாறும் விதம்

1. முதலில் மாறும் நாள் குறிக்கப்படுகிறது. 2016-17இல் மாறிய கம்பெனிக்கு அந்த நாள் 1-4-2015 ஆகும். முந்தைய ஆண்டுக் கணக்கையும் புதிய முறையில் காட்ட வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

2. அந்த நாளுக்குரிய தொடக்க ஐந்தொகை புதிய முறையில் தயாரிக்கப்படும். இதில் ஏற்படும் மதிப்பு வேறுபாடு பொதுவாக இலாப நட்டக் கணக்கிற்குப் போகாது. பங்குதாரர் நிதியில் நேராகச் சேரும் அல்லது கழியும்.

3. பழைய முறையில் இருந்த நிதியும் இலாபமும் புதிய முறையில் எவ்வாறு மாறின என்பதைக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை அறிக்கையில் இடம்பெற வேண்டும். பங்குதாரர் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுவே.

பயிரும் கால்நடையும்

வேளாண்மைக்கு உரியது 41ஆம் தரநிலை. இதன்படி கறவை மாடு, ஆடு, வெட்டுமரம், வயலில் நிற்கும் பயிர் ஆகியவற்றைப் பொதுவாக அன்றைய நியாய மதிப்பில், விற்பனைச் செலவைக் கழித்துக் காட்ட வேண்டும். தேயிலைச் செடி, ரப்பர் மரம், திராட்சைக் கொடி போன்றவை பல ஆண்டுகள் மகசூல் தருபவை. இவற்றை இயந்திரம் போலக் கருதி, அடக்க விலையில் எழுதித் தேய்மானம் கழிக்கலாம். ஆனால் அவற்றில் வளர்ந்துவரும் இலையும் காயும் 41ஆம் தரநிலையின் கீழேயே வரும்.

ஓர் உதாரணம்

ஒரு பண்ணைக் கம்பெனி 10 கிடாரிகளைத் தலைக்கு ரூ. 30,000 வீதம் வாங்கியதாகக் கொள்வோம். பழைய கணக்கில் ரூ. 3,00,000. மாறும் நாளில் சந்தை விலை ரூ. 42,000, தரகும் சந்தைக் கட்டணமும் ரூ. 2,000. எனவே புதிய மதிப்பு ரூ. 4,00,000. கூடிய ரூ. 1,00,000 பங்குதாரர் நிதியில் சேரும்.

அடுத்த ஆண்டு முடிவில் விலை ரூ. 48,000 ஆனால் மதிப்பு ரூ. 4,60,000. இந்த ரூ. 60,000 இலாப நட்டக் கணக்கில் இலாபமாக ஏறும். அதற்கடுத்த ஆண்டு விலை ரூ. 35,000 ஆக இறங்கினால் மதிப்பு ரூ. 3,30,000 மட்டுமே, ரூ. 1,30,000 நட்டம் எழுதப்படும். மூன்று ஆண்டிலும் ஒரு கிடாரிகூட விற்கப்படவில்லை. ஒரு ரூபாயும் கைக்கு வரவில்லை.

இதனை முன்னிட்டே கம்பெனிகள் சட்டம், 2013இன் 123ஆம் பிரிவு, இத்தகைய கைக்கு வராத ஆதாயத்தை நீக்கியே பங்கு ஈவுக்கான இலாபத்தைக் கணக்கிட வேண்டும் என்கிறது. இலாபம் உயர்ந்தும் ஈவு உயராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உற்பத்தியாளர் கம்பெனிகள்

பெரும்பாலான உற்பத்தியாளர் கம்பெனிகள் மேற்கண்ட வரம்புக்குள் வருவதில்லை. அவற்றிற்கு 2021ஆம் ஆண்டின் கணக்கியல் தரநிலை விதிகளே போதும். விரும்பினால் புதிய முறையை ஏற்கலாம். ஆனால் ஏற்றபின் பழைய முறைக்குத் திரும்ப இயலாது. ஆண்டுதோறும் மதிப்பிடும் வேலையும் தணிக்கைச் செலவும் கூடும். ஆகவே முடிவெடுக்குமுன் உறுப்பினர்கள் கலந்து பேசுதல் நலம்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

• இலாபத்தில் விற்பனையால் வந்தது எவ்வளவு? மதிப்பு உயர்வால் வந்தது எவ்வளவு?
• கால்நடைக்கும் பயிருக்கும் எந்தச் சந்தை விலை எடுக்கப்பட்டது?
• பணவரவு அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் இலாபத்தோடு ஒத்துப்போகிறதா?

களத்தில் நெல்லை அளந்து பார்த்தே மூட்டை கட்டுகிறோம். நம் பங்குப் பணத்தின் கணக்கையும் அவ்வாறே அளந்து பார்த்தல் வேண்டும்.