ஒரே வாசல், பல விலைகள்



தீம் பார்க்கின் செலவில் பெரும்பகுதி, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் செய்தே தீரவேண்டியது. ரோலர் கோஸ்டரைத் தினமும் சோதித்தாக வேண்டும். இயக்குபவருக்குச் சம்பளம், காப்பீடு, மின்சாரம் எதையும் நிறுத்த முடியாது. பொருளாதாரத்தில் இதற்கு மாறாச் செலவு என்று பெயர். கூடுதலாக ஒருவர் ஏறி அமர்வதால் ஆகும் செலவோ மிகச் சொற்பம். எனவே காலி இருக்கை ஒவ்வொன்றும் இழப்பு. சம்பளமும் காப்பீடும் உயரும்போது அந்தச் சுமையை டிக்கெட்டில் ஏற்றினால், இருக்கைகள் மேலும் காலியாகக்கூடும்.

விலை ஏறும்போது வாங்குவோர் எந்த அளவுக்கு விலகுகிறார்கள் என்பதே தேவை நெகிழ்ச்சி. அரிசி விலை ஏறினாலும் வீட்டில் உலை வைத்தாக வேண்டும். பூங்காவுக்குப் போவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடலாம். இந்த நெகிழ்ச்சியும் எல்லோருக்கும் ஒன்றல்ல. விமானத்துக்கும் விடுதிக்கும் பணம் கட்டி வந்த குடும்பம் பத்து டாலருக்காகத் திரும்பிப் போகாது. உள்ளூர்க் குடும்பம் விலை குறைந்த நாளுக்குக் காத்திருக்கும்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 1955இல் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். சவாரிகளுக்குத் தனிக் கட்டணம். பிறகு சவாரிக் கூப்பன் புத்தகங்கள் வந்தன. 1982இல் அவை நீங்கி, ஒரே டிக்கெட்டில் எல்லாச் சவாரியும் என்றானது. வாசலில் எவ்வளவு வாங்குவது, சவாரிக்கு எவ்வளவு வாங்குவது என்ற கேள்வியைப் பொருளியலாளர் வால்டர் ஓய் 1971இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் ஆராய்ந்தார். வருவோரின் விருப்பங்கள் வேறுபடும்போது ஒற்றைக் கட்டணம் எல்லோருக்கும் பொருந்தாது என்பது அதிலிருந்து விளங்கும்.

2016இல் டிஸ்னிலேண்ட் ஒரு நாள் டிக்கெட்டை மூன்றாகப் பிரித்தது: கூட்டம் குறைந்த நாளுக்கு 95 டாலர், சாதாரண நாளுக்கு 105, நெரிசல் நாளுக்கு 119. 2019இல் அடிமட்ட விலை 104 டாலர். 2024 அக்டோபரில் உச்ச விலை 206 டாலராக உயர்ந்தபோதும் அந்த 104 அப்படியே இருந்தது. விலையைக் கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. கூட்டத்தைப் பல நாட்களுக்குப் பரப்புவதும் இதன் நோக்கம். உயர்ந்த செலவின் சுமை, நாளைத் தேர்ந்தெடுக்க முடியாதவர் மேல் விழுந்தது.

அடுத்த வழி கூடுதல் வசதிக்குத் தனி விலை. டிஸ்னிலேண்டில் 1999 முதல் இலவசமாக இருந்த விரைவு வரிசைச் சீட்டுக்குப் பதிலாக, 2021இல் கட்டண முறை வந்தது. வாசல் விலையை ஏற்றாமலே வருமானத்தைக் கூட்ட இத்தகைய முறை உதவும். ஆனால் எல்லோருக்கும் கிடைத்த ஒன்று பணம் கட்டுவோருக்கு மட்டும் என்றானது. இது வருவோரின் நம்பிக்கையைக் குறைக்கும் என்பதால் நிதானமாகக் கையாள வேண்டிய வழி.

நிதானம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் தீம் பார்க் நிறுவனமே சான்று. 2022இல் அது தள்ளுபடிகளைக் குறைத்து விலையை உயர்த்தியது. ஒவ்வொருவரும் செலவிட்ட தொகை கூடியது. வந்தோர் எண்ணிக்கையோ சுமார் 2.77 கோடியிலிருந்து 2.05 கோடியாகச் சரிந்தது. மொத்த வருமானமும் குறைந்தது. அதன் வாடிக்கையாளர் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள். அவர்களுக்கு வேறு பொழுதுபோக்குகள் உண்டு.

ஆகவே விலையை உயர்த்தலாமா என்று மட்டும் கேட்பது போதாது. எந்த நாளில், எந்த வசதிக்கு, யாரால் தாங்க முடியும் என்றும் கேட்கவேண்டும். சாதாரணக் குடும்பம் ஆண்டில் ஒருமுறையாவது நுழையக்கூடிய விலையைக் காப்பது கருணை மட்டுமல்ல. அடுத்த தலைமுறை வாடிக்கையாளரை உருவாக்கும் தொழில் அறிவும் அதுவே.