நிலவறையும் தானியக் குழியும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கேழ்வரகையும் சோளத்தையும் மேட்டு நிலத்தில் வெட்டிய குழியிலிட்டு, அடியிலும் பக்கங்களிலும் வைக்கோல் பரப்பி, வாயை மண்ணால் மூடிவைப்பது முற்காலத்துக் குடியானவர் வழக்கம். நன்கு காய்ந்த கேழ்வரகு இவ்வாறு பல ஆண்டுகள் கெடாதிருக்கும். குதிரும் பத்தாயமும் நிலத்தின்மேல் நிற்பன. குழியோ நிலத்தினுள் அமைவது. இவ்வேற்றுமையைப் பிறநாட்டாரும் சொற்களால் குறித்துள்ளனர்.

பிரெஞ்சுக்காரர் திராட்சை மதுவை வைக்கும் நிலவறையைக் ‘காவ்’ என்பர். குடைந்த இடம் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. தரைமட்டத்துச் சேமிப்பறை ‘செலியே’ எனப்படும். போர்தோ நாட்டில் மதுப்பீப்பாய்களைத் தரைமேல் வைக்கும் கட்டடத்திற்கு ‘ஷே’ என்று பெயர். ஆங்கிலத்துச் ‘செல்லர்’ செலியேவுக்கு உறவுச்சொல்லாயினும், நிலவறையையே குறிக்கலாயிற்று.

நம் ‘கிடங்கு’ம் இவ்வகையினதே. அகழி, பள்ளம் என்பன அதன் பழம்பொருள். பண்டசாலை என்பது பின்னர் வந்தது. ஆங்கிலேயர் வழங்கிய ‘கோடவுன்’ மலாய்ச் சொல்லாகிய ‘கூடாங்’கின் வழி வந்தது. அம்மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்க் கிடங்கோ தெலுங்குக் ‘கிட்டங்கி’யோ மூலமாகலாம் எனச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். அங்ஙனமாயின், இன்று குடோன் என நாம் வழங்குவது அந்நிய உடை தரித்து வீடு திரும்பிய பிள்ளையேயாம்.

மது நிலவறையில் வேண்டப்படுவது மாறாத குளிர்ச்சி. தானியக் குழியில் வேண்டப்படுவதோ காற்றடைப்பு. மூடிய குழியில் தானியமும் பூச்சிகளும் சுவாசித்துப் பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமிலவாயுவை வெளிவிடும். பிராணவாயு மிகக் குறைந்தால் பூச்சிகள் மடியும். மனிதனுக்கும் அதுவே எமனாகும். கரியமிலவாயு காற்றினும் கனமானதாகலின் குழியின் அடியில் தங்கும். நிறமும் மணமும் இன்மையால் கண்டறிய இயலாது. ரோமானியரான வார்ரோ, கிறிஸ்துவுக்கு முன் 37-ஆம் ஆண்டளவில் எழுதிய வேளாண் நூலில், ‘சிருஸ்’ என்னும் குழிகளைத் திறந்தவுடன் இறங்கியோர் சிலர் மூச்சடைத்து இறந்ததைக் கூறி, சிலகாலம் பொறுத்தே தானியம் எடுக்கவேண்டுமென எச்சரிக்கின்றார்.

ஆதலின் பழங்குழியைத் திறப்போர் வாயை அகலத் திறந்து ஒரு நாளேனும் விடுதல் வேண்டும். காற்றூதும் கருவியால் உள்ளே நற்காற்றுச் செலுத்துதல் இன்னும் நன்று. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய முறை. அது அணைந்தால் இறங்கவே கூடாது. எரிந்தாலும் அதனை மட்டும் நம்பலாகாது, ஏனெனில் கரியமிலவாயு தீங்கு செய்யும் அளவிலிருக்கும்போதும் விளக்கு எரியக்கூடும். இறங்குபவர் உடலில் வலுவான கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்து நிற்றல் வேண்டும். அவர் மயங்கினால் மேலிருப்போர் கயிற்றால் இழுக்கவேண்டுமேயன்றி, பதறித் தாமும் குதித்தலாகாது. இவ்வாறு ஒருவர்பின் ஒருவராக மாண்ட குடும்பங்கள் உண்டு. தீயணைப்பு நிலையத்திற்கு உடனே தகவல் தெரிவித்தல் வேண்டும். பாழ்கிணற்றிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும்.

குழித் தானியம் உணவுக்கு ஆகும். ஆனால் முளைப்புத்திறன் குன்றக்கூடுமாதலின் விதையைக் குதிரில் தனியே வைத்துக்கொள்ளுதல் நலம்.