கெட்டி ஆயில் ஊற்றினால் பம்ப் குளிராது

டாக்சி ஸ்டாண்டிலும் சரி, ஒர்க்‌ஷாப் வாசலிலும் சரி, இந்த ஒரு யோசனையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது: "பவர் ஸ்டீயரிங் பம்ப் சூடாகுதா? உறுமுதா? இருக்கிற ஆயிலை எடுத்துட்டு, கெட்டியா என்ஜின் ஆயில் ஊத்துங்கண்ணே, அடங்கிடும்." இன்னோவா, பொலேரோ, குவாலிஸ் என்று ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பிப் பம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பம்பின் தரத்தைத் திட்டுகிறார்கள்.

நம்பிக்கை: கெட்டி ஆயில் சூட்டைக் குறைக்கும்.

உண்மை: கூட்டும். என்ஜின் பெல்ட்டில் சுற்றும் இந்தப் பம்ப், ரிசர்வாயரிலிருந்து ஆயிலை உறிஞ்சித்தான் ஸ்டீயரிங் பெட்டிக்குத் தள்ளுகிறது. ஆயில் கெட்டியானால் உறிஞ்சும் பக்கம் பட்டினி கிடக்கும். அங்கே உண்டாகும் குமிழிகள் அழுத்தப் பக்கம் போனதும் நொறுங்கி, உலோகத்தையே அரிக்கும். நீங்கள் கேட்கும் உறுமலுக்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். உறுமலுக்கு மருந்தென்று உறுமலையே ஊற்றுகிறீர்கள்!

கணக்கு வேண்டுமா? பல வண்டிகளில் ஊற்றச் சொல்லும் டெக்ஸ்ரான் வகை ஆயிலின் பாகுநிலை 100 டிகிரி செல்சியஸில் சுமார் 7 சென்டிஸ்டோக். 40 கிரேடு என்ஜின் ஆயிலுக்கு அதே சூட்டில் 12.5 முதல் 16.3 வரை இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ வகுத்த தரம். அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வண்டி குளிர்ந்திருக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. ஊட்டியில் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள், பம்ப் போடும் கூச்சலே சொல்லிவிடும்.

"எனக்குச் சரியாச்சே" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. தேய்ந்த பம்பின் உள்கசிவைக் கெட்டி ஆயில் கொஞ்ச நாள் அடைக்கும், சத்தமும் அடங்கும். நோய் அப்படியே இருக்க, புகார் மட்டும் நின்றுபோகிறது. இதற்குப் பெயர் பழுதுபார்ப்பதா?

சூடு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துப் பிடித்திருந்தால், ஆயிலுக்குப் போக வழி இல்லை. பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வின் சின்னத் துளை வழியாக அது திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. 80 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 லிட்டர் அப்படிச் சுற்றினால் 800 வாட் சூடாக மாறும். ஓர் இஸ்திரிப் பெட்டியை ஒரு லிட்டர் ஆயிலுக்குள் போட்டதுபோல. வெளியே கசியும் சூட்டை விட்டுவிட்டால், ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ 30 டிகிரி ஏறிவிடும். கடைசிவரை ஒடித்துச் சில நொடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள் என்று கையேடுகள் எச்சரிப்பது சும்மா இல்லை.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். ஆயில் மட்டம் சரியா? ஆயிலில் நுரை இருக்கிறதா? இருந்தால் உறிஞ்சும் ஹோஸிலோ கிளிப்பிலோ காற்று நுழைகிறது. ரிசர்வாயர் அடியிலுள்ள வலை அடைத்திருக்கிறதா? திரும்பிவரும் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொண்டதா? ரேடியேட்டர் முன்னால் ஓடும் குளிரூட்டும் குழாயில் சேறு படிந்திருக்கிறதா? பெல்ட் நழுவுகிறதா? இத்தனையும் பார்த்த பிறகே பம்பைக் கழற்ற ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

மற்ற கதைகளைச் சுருக்கமாக முடிப்போம்.

நம்பிக்கை: அவசரத்துக்குப் பிரேக் ஆயில் போதும்.

உண்மை: கூடவே கூடாது. அது கிளைக்கால் வகை. பம்பின் நைட்ரைல் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுக்கும்.

நம்பிக்கை: விளிம்புவரை ஊற்றினால் நல்லது.

உண்மை: சூடானால் ஆயில் விரியும். வழிந்து பெல்ட்டில் பட்டால் பெல்ட் நழுவும். கோட்டுக்கு மேல் வேண்டாம்.

நம்பிக்கை: எல்லாக் காரிலும் பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றணும்.

உண்மை: இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார்தான். பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை. அதற்குப் பில் போட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, எனக்குப் பிடித்த சண்டை ஒன்று: டயர் காற்று. பம்ப், ஆயில் என்று மணிக்கணக்காகப் பேசுபவர், முன்சக்கரம் சப்பையாக நிற்பதைப் பார்க்க மாட்டார். காற்றுக் குறைந்த டயர் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியில் அதைத் திருப்பப் பம்ப் முக்கி முனகும், சூடாகும். அழகுக்காக அகலமான டயர் மாட்டியவருக்கும் இதே கதிதான். பல வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தாலே எத்தனை பிஎஸ்ஐ என்று ஸ்டிக்கர் சொல்லும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள், பம்ப் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வண்டி லேசாக உருளும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பப் பழகுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் பம்ப் கொதித்தால் மெக்கானிக்கிடம் போங்கள். அவரும் கெட்டி ஆயில் டின்னைத் திறந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.